ஆவுளியாவைத் திமிங்கலம் என்று பதிந்த ஏடு: தமிழ்நாடு மின் ஆளுமை முகமைக்கு ஒரு திறந்த மடல்

முகமையில் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர், படமும் வரைவார். நானும் வரைகிறேன். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன், இப்போது பாதி நாள் கணினியில் வரைவதிலும் பாதி நாள் அப்பாவுக்குப் பெயின்ட் கலக்கிக் கொடுப்பதிலும் போகிறது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், 2020-லேயே நம் மாநிலத்துக்கென்று ஒரு பிளாக்செயின் கொள்கை (பதிந்ததை யாரும் அழிக்க முடியாதபடி பல கணினிகளில் சங்கிலியாகக் கோத்து வைக்கும் மின்னேடுதான் பிளாக்செயின்) வந்தது, அதன் பிறகு ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரில் அரசுக்கென்றே ஒரு கட்டமைப்பை உருவாக்கியிருக்கிறீர்கள், இ-பெட்டகம் வழியாக மக்களின் சான்றிதழ்களை அதில் சரிபார்க்கவும் வழி செய்திருக்கிறீர்கள். நல்ல விஷயம். ஒரு சான்றிதழுக்காக நாள் முழுக்க அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இன்றைக்குச் சான்றிதழ் ஏறுகிற ஏட்டில் நாளைக்கு ஓவியமும் கைவினையும் ஏறலாம், ஏற்றுவோம் என்று யாராவது ஒரு திட்டத்தோடு உங்கள் வாசலுக்கு வரலாம். அப்படி வருவதற்கு முன்னால், ஒரு படம் இன்னாருடையது என்று பிளாக்செயினில் பதிந்து, அந்தப் பதிவையே விற்கிற இந்த டோக்கன் வியாபாரம் எங்கள் கரையில் ஒரு படத்துக்கு என்ன செய்தது என்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

2019 தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால் அப்பாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பழைய பெயின்ட்டைச் சுரண்டி, மக்கு பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நூலில் நீலப்பொடி தொட்டுச் சுண்டிக் கோடு அடித்து, அப்புறம்தான் எழுத்தே தொடங்கும். ஒரே நாளில் ஒரு படகுக்குக் கடல் மாதா, அடுத்ததற்கு முனியசாமி துணை, அதற்கடுத்ததற்கு 786 என்று எல்லாம் ஒரே கை, ஒரே பிரஷ். அந்த நெரிசலில் ஒரு வள்ளக்காரர் வந்தார். அவர் வலையில் ஒரு ஆவுளியா சிக்கியிருக்கிறது, பக்கத்தில் கன்று. வலையை அறுத்து விட்டுவிட்டு வந்திருக்கிறார். “வலை போனா போகுதுண்ணே, அது தாயும் புள்ளையும்” என்றார். அதை அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், வரைந்து தர வேண்டும் என்று கேட்டார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கடற்பசுவைத்தான் எங்கள் பக்கம் ஆவுளியா என்போம்.

அப்பா அதைச் சிறுவயதில் ஒரே ஒருமுறை பார்த்தவர். கறுப்பும் வெள்ளையும் கலந்து கொஞ்சம் தவிட்டு நிறம் சேர்த்தார். சாக்கட்டியால் ஒரு கோடு, அவ்வளவுதான், அதன் பிறகு நேராகப் பிரஷ்தான். கடலடிப் புல்லை மேய்கிற மாதிரி மூஞ்சியைக் கீழே வளைத்து, அந்தத் தடித்த உதட்டில் மயிர் குத்திட்டு நிற்பதைக்கூட நுனிப் பிரஷால் ஒவ்வொன்றாக இழுத்து, துடுப்புக்குக் கீழே கன்றை ஒட்டிவைத்தார். எந்தப் படத்திலும் அவர் பெயர் போடமாட்டார். வலது கீழ் மூலையில் மூன்று புள்ளி, அதன் கீழே ஒரு சின்னக் கோடு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் வரைக்கும் அந்த மூன்று புள்ளியைப் பார்த்தால் யார் கை என்று சொல்லிவிடுவார்கள். கூலி 1,800 ரூபாய்.

2021 கடைசியில் என்னோடு படித்த தோழி ஒரு இணைப்பு அனுப்பினாள். திறந்து பார்த்தால் அந்த அணியம். யாரோ சுற்றுலா வந்தவர் எடுத்த புகைப்படம், ஓரங்களை வெட்டி, நிறத்தைத் தூக்கி, ஒரு இணையச் சந்தையில் டோக்கனாக ஏற்றியிருந்தார்கள். விலை 0.08 ஈதர் (எத்தீரியம் என்ற பிளாக்செயினில் புழங்கும் பணம்), அன்றைய கணக்கில் ஏறத்தாழ 25,000 ரூபாய். விற்றும் போயிருந்தது. தலைப்பு என்ன தெரியுமா? தென்னிந்திய நாட்டார் திமிங்கலம், எண் 3. மூலையில் இருந்த மூன்று புள்ளி வெட்டில் போய்விட்டது.

புகார் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பதிப்புரிமை உங்களுடையது என்பதற்கு ஆதாரம் கொடு என்றார்கள். படகின் மேல் வரைந்த படத்துக்கு என்ன ஆதாரம் கொடுப்பது? வள்ளக்காரரை நிறுத்தி வீடியோ எடுத்து, அப்பாவை மறுபடி அதே படத்தைத் தாளில் வரையச் சொல்லி, அதையும் எடுத்து அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து அவர்கள் தளத்திலிருந்து அதை மறைத்தார்கள். மறைத்தார்கள் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் டோக்கன் சங்கிலியில் அப்படியேதான் இருக்கிறது, வேறொரு தளத்தில் போய்ப் பார்த்தால் இன்றும் தெரியும். படத்தையும் தலைப்பு விவரத்தையும் திருத்தவே முடியாத வகைச் சேமிப்பில் போட்டிருந்தார்கள். பணத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. “திமிங்கலம்னு போட்ருக்கானே, அதையாவது மாத்தச் சொல்லும்மா” என்றார். மாற்ற முடியாது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. இந்தத் தொழில்நுட்பத்தின் பெருமையாக எல்லோரும் சொல்வது எதுவோ, அதுவேதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் குறையாக உட்கார்ந்திருந்தது. யாராலும் அழிக்க முடியாத ஏட்டில் ஒரு பொய் ஏறிவிட்டால் அதையும் யாராலும் அழிக்க முடியாது.

நான் இதற்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற அமெரிக்க ஓவியரின் 5,000 நாள் படத்தொகுப்பு கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போனபோது, அதை வாங்கியவர் சிங்கப்பூரில் இருக்கும் விக்னேஷ் சுந்தரேசன், நம் தமிழர் என்று தெரிந்ததும் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழு இரண்டு நாள் தூங்கவில்லை. கணினியில் வரைகிறவர்களுக்கு ‘மூலம்’ என்று ஒன்று கிடையாது, எத்தனை முறை நகலெடுத்தாலும் எல்லாம் ஒன்றுதான், அதனால் எங்கள் படத்துக்கு விலையே கிடையாது என்று அதுவரை கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தோம். முதல்முறையாக இதுதான் மூலம், இது இன்னாரிடம் இருக்கிறது என்று காட்ட ஒரு வழி வந்தது. என் தோழி ஒருத்தி அந்த ஒரு வருஷத்தில் வீட்டுக் கடனை அடைத்தாள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். நானும் மூன்று படம் ஏற்றினேன். ஏற்றுவதற்கான ‘கேஸ்’ என்கிற பதிவுக் கட்டணம் மட்டுமே 6,400 ரூபாய் போனது, அப்பாவின் நான்கு அணியத்துக் கூலிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒன்று விற்றது.

மின்சாரத்தை விழுங்குகிறது என்ற குற்றச்சாட்டை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. எத்தீரியம் 2022 செப்டம்பரில் பதிவுகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றியதும் அதன் மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. உங்களுடைய அரசுச் சங்கிலிக்கு அந்தப் பிரச்சினை தொடக்கத்திலிருந்தே இல்லை.

என் கவலை வேறு. இந்த யோசனை முதலில் வந்தது எதற்காக என்று பாருங்கள். 2014-ல் நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சியில் கெவின் மெக்காய் என்ற ஓவியரும் அனில் டாஷ் என்ற தொழில்நுட்பக்காரரும் ஒரே இரவில் உட்கார்ந்து இதற்கு ஒரு முன்மாதிரி செய்தார்கள். இணையத்தில் படம் போடுகிற ஓவியருக்குத் தன் படத்தின் மேல் ஒரு பிடி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். படத்தையே சங்கிலிக்குள் வைக்க இடம் போதாது என்பதால், படம் இருக்கிற இணைய முகவரியை மட்டும் வைத்தார்கள். அவசரத்துக்குச் செய்த குறுக்குவழி அது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கில் பணம் புரண்டபோதும் பெரும்பாலும் அந்தக் குறுக்குவழியின் மேலேயேதான் புரண்டது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திவாலானது அல்லவா, அங்கே உருவாக்கிய டோக்கன்கள் பலவற்றில் படம் இருந்த முகவரியைத் திறந்தால் திவால் நடவடிக்கைக்கான பக்கம்தான் வந்து நின்றது. டோக்கன் பத்திரமாக இருந்தது, படத்தைத்தான் காணோம்.

முகவரி எங்கே போகிறது என்பதைவிட எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது, அந்த முகவரியை யார் கொண்டுவந்து வைத்தார் என்பது. சங்கிலி பார்ப்பது இந்தப் பணப்பை (டோக்கன் வைத்திருக்கும் மின் கணக்கு) முதலில் வந்து இதைப் பதிந்தது, அதிலிருந்து அந்தப் பணப்பைக்குப் போனது, இவ்வளவு விலைக்கு, இத்தனை மணிக்கு என்பதை மட்டும்தான். முதலில் வந்தவர் வரைந்தவரா, வரைந்ததைப் படம் பிடித்தவரா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. ஓப்பன்சீ என்ற பெரிய சந்தையே 2022 ஜனவரியில் ஒப்புக்கொண்டது: கட்டணமில்லாமல் டோக்கன் உருவாக்கும் தங்கள் வசதியைப் பயன்படுத்திச் செய்தவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருடியவை, போலி, அல்லது குப்பை. ஐந்தில் நான்கு. அப்பாவின் ஆவுளியா தனியாகத் திருடு போகவில்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்களுக்குக் கணினி அறிவு தேவையில்லை, சங்கு வியாபாரம் தெரிந்தால் போதும். மன்னார் வளைகுடாச் சங்குதான் வங்காளத்துக்குப் போய் அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகிறது, கீழக்கரைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்த குடும்பங்கள் இருக்கின்றன. கிடைப்பதெல்லாம் இடம்புரி. வலம்புரி லட்சத்தில் ஒன்று என்பார்கள், அதனால் அதற்குப் போலியும் உண்டு. அமெரிக்கக் கரையில் வேறொரு இனம் இருக்கிறது, அதற்குச் சுழியே இயல்பில் அந்தப் பக்கம்தான், அதைத் தேய்த்து வெளுப்பாக்கி வலம்புரி என்று விற்கிறார்கள், கூடவே முத்திரை குத்திய சான்றிதழும் தருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், சங்கு கொண்டுவந்து கேட்டால் சான்றிதழைக் கையாலும் தொடமாட்டார். சங்கின் வாயைத் தன் பக்கம் திருப்பி, சுண்டுவிரலை உள்ளே விட்டு, நடுத்தண்டைத் தடவுவார். நம் சங்கு என்றால் மூன்று நான்கு மடிப்பு விரலில் தட்டும். அந்த அமெரிக்க இனத்தில் வழுவழுவென்று இருக்கும். “போலிங்க” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். சுழியைப் பார்த்து ஏமாறலாம், விரல் ஏமாறாது.

பிளாக்செயின் அந்தச் சான்றிதழை யாரும் திருத்திவிடாமல் காக்கும், அதில் சந்தேகமே இல்லை. சங்கின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கும் வேலையை அது செய்யாது. அந்த வேலையை யார் செய்வார், எந்த ஊரில், எந்தக் கூலிக்கு என்று முடிவு செய்யாமல் ஏட்டை மட்டும் திறந்துவிட்டால் முதலில் ஓடிவந்து பதிகிறவர் எங்கள் அப்பாவாக இருக்கமாட்டார். அவருக்கு அந்த நேரம் கையில் பிரஷ் இருக்கும். நல்ல போனும் ஆங்கிலமும் வைத்திருக்கும் இடைத்தரகர்தான் முதலில் வருவார், அப்புறம் அரசு முத்திரையோடு அவர்தான் உரிமையாளர். வெளிநாட்டுச் சந்தையில் நடந்தபோது போலி என்று சொல்லவாவது எங்களுக்கு வாய் இருந்தது. ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர் வைத்த ஏட்டில் நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால்தான் கேட்கிறேன், கலைக்கென்று ஒரு பதிவேடு வைப்பதாக இருந்தால் அதன் முதல் வரி கரையிலிருந்து வரட்டும். உங்கள் இ-சேவை மையங்கள் ஊர்களுக்கெல்லாம் வந்துவிட்டன. அங்கே வரைந்தவர் நேரில் வந்து, கூடவே அந்தத் தொழில் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொல்லி, தமிழில், கட்டணம் இல்லாமல் பதிகிற மாதிரி வையுங்கள். யார் சாட்சி சொன்னார் என்பதும் ஏட்டில் இருக்கட்டும், பொய்ச் சாட்சி சொன்னால் நாளைக்கு ஊருக்கே தெரியும் என்ற பயம் எங்கள் பக்கம் இன்னும் வேலை செய்கிறது. ஆதார் எண்ணையோ போன் நம்பரையோ அழிக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். தப்பாகப் பதிவானால் அழிக்க முடியாதுதான், சரி, ஆனால் திருத்தத்தை அடுத்த வரியாக எழுதி, யார் தேடினாலும் பழைய வரிக்கு முன்னால் திருத்தம் தெரிகிற மாதிரி செய்ய முடியும் இல்லையா? திமிங்கலம் என்று தேடுகிறவருக்கும் முதலில் ஆவுளியா தெரிய வேண்டும். படத்தை எங்கோ ஒரு தனியார் சர்வரில் விடாமல் அரசிடமே வையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஓலைச்சுவடியிலிருந்து பழைய புத்தகம் வரை மின்னூலகமாக்கி வைத்திருக்கிறது, அவர்களுக்கு இந்த வேலை தெரியும்.

மறுவிற்பனைப் பங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் போன்றவர்களை இதற்குள் இழுத்ததே அந்த ஆசைதான். உன் படம் கைமாறும் ஒவ்வொரு முறையும் 10 விழுக்காடு தானாக உன் கணக்குக்கு வந்துவிடும், சங்கிலியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். என் படம் விற்றபின் ஒருமுறை கைமாறியது, பங்கு வந்தது, அதை அப்பாவிடம் காட்டி நான் குதித்தது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த முறை கைமாறியபோது வரவில்லை. விசாரித்தால், பங்கைப் பிடித்துக் கொடுப்பதும் விடுவதும் சந்தையை நடத்துகிறவர் விருப்பம், வாங்குபவர்களை இழுக்க ஒவ்வொரு சந்தையாக அதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. ஓப்பன்சீயும் 2023 ஆகஸ்டில் ஓவியருக்கான பங்கைக் கட்டாயமாக வசூலிப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. தானாக வரும் என்றது யாரோ ஒருவர் தர மனம் வைத்தால் வரும் என்று ஆகிவிட்டது.

ஆனால் இந்த உரிமை டோக்கன்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. பிரான்சில் 1920-லேயே சட்டம் போட்டார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994 திருத்தத்தில் 53அ என்ற பிரிவு வந்தது: ஓவியம், சிற்பம் போன்றவற்றின் மூலப்படி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் படைத்தவருக்கும் அவருடைய வாரிசுக்கும் அதில் பங்கு கேட்க உரிமை உண்டு, பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. என் ஊரில் இதை ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டாலும் படம் எங்கே, யாரிடம், என்ன விலைக்குக் கைமாறியது என்று தெரிந்தால்தானே பங்கு கேட்பது? பிளாக்செயினால் உண்மையாகவே ஒரு ஓவியருக்கு நன்மை செய்ய முடியும் என்றால் அது இங்கேதான். தனியார் சந்தைக்குப் பங்கு கொடுக்க மனமிருக்கும், இல்லாமலும் போகும். உங்களிடம் ஏடும் இருக்கிறது, பூம்புகார் என்று அரசுக்கு ஒரு கடையும் இருக்கிறது. பெரிய ஓவியங்களிலும் சிற்பங்களிலும் தொடங்குங்கள். பூம்புகாரில் விற்கும் விலை உயர்ந்த படைப்பு ஒவ்வொன்றும் படைத்தவர் பெயரோடும் 53அ உரிமையோடும் ஏட்டில் ஏறட்டும். மறுபடி விற்கும்போது பதிந்தால்தான் அரசுச் சரிபார்ப்பு தொடரும் என்று வைத்தால் நாணயமாக வாங்குகிறவர்கள் பதியத்தான் செய்வார்கள்.

வரியைப் பற்றி உங்களிடம் முறையிட்டுப் பயனில்லை, அது ஒன்றிய அரசு. ஆனாலும் உங்கள் பயிற்சி வகுப்பு எதிலாவது யாராவது எங்கள் பிள்ளைகளிடம் டோக்கன் செய்து விற்கச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், 2022 ஏப்ரல் 1 முதல் இந்த வகைச் சொத்தை விற்ற லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்ட முடியாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, ஒருவர் பெயரில் பதியவே கூடாதவை இருக்கின்றன. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு ஊர்களில் பெண்கள் குருத்தோலையை நகத்தால் கிழித்து, சாயம் ஏற்றி, கொட்டான் பின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பின்னலை முதலில் பின்னியது யார் என்று கேட்டால், எங்க ஆத்தா சொல்லிக்கொடுத்தது என்பார்கள். ஆத்தாவிடம் கேட்டால் அவருடைய ஆத்தா. இதை ஒரு ஆள் தன் பெயரில் ஏற்றிவிட்டால் நாளைக்குப் பின்னுகிற அத்தனை பேரும் திருடர்கள் ஆகிவிடுவார்கள். எங்கள் மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது தனி ஒருவருக்குச் சொந்தம் கிடையாது, இந்த மண்ணோடு சேர்ந்தது. பின்னலுக்கும் கோலத்துக்கும் அந்த மாதிரி ஊர் பெயரில் பதிகிற ஒரு வழி இருக்க வேண்டும், தனி ஆள் பதிய வந்தால் ஏடு மறுக்க வேண்டும்.

அப்புறம் ராமலிங்க விலாசம். ராமநாதபுரம் அரண்மனையில் சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள், 18-ஆம் நூற்றாண்டு, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. மன்னர் ஐரோப்பியர்களை வரவேற்கிறார், தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது, ராமாயணக் காட்சிகள் வரிசையாக ஓடுகின்றன. கல்லூரி நாட்களில் ஒரு வாரம் தினமும் போய் நின்று நகல் எடுத்தேன். மன்னர் யார் என்று தெரிகிறது, எழுதிய கை யாருடையது என்று நான் தேடிய வரையில் எங்கும் இல்லை. ஒரு மூன்று புள்ளிகூட வைக்கவில்லை. இவற்றைப் படமெடுத்து டோக்கனாக விற்று வருமானம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், இத்தாலியில் நடந்ததை நினைவில் வையுங்கள். உஃபிஸி அருங்காட்சியகம் 2021-ல் மைக்கேலாஞ்சலோவின் ஓவியம் ஒன்றுக்கு டோக்கன் விற்றது. வாங்கியவர் கொடுத்தது 2,40,000 யூரோ, செலவும் டோக்கன் செய்துகொடுத்த நிறுவனத்தின் பங்கும் போக அருங்காட்சியகத்துக்கு வந்தது 70,000 யூரோ. 2022-ல் அந்த நாட்டுப் பண்பாட்டு அமைச்சகமே தலையிட்டு, இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நிறுத்தச் சொன்னது. சுவர் மக்களுடையது. அதை நல்ல தரத்தில் படமெடுத்து எல்லோரும் இலவசமாகப் பார்க்க வைத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேராவது பிரஷ் எடுப்பார்கள்.

டேமியன் ஹர்ஸ்ட் என்ற ஆங்கில ஓவியரின் கதையை அப்பாவிடம் சொன்னேன். 10,000 தாள்களில் புள்ளி புள்ளியாக வரைந்து, வாங்கியவர்களிடம் தாள் வேண்டுமா டோக்கன் வேண்டுமா, ஒன்றுதான் என்று கேட்டார். 5,149 பேர் தாள் என்றார்கள், 4,851 பேர் டோக்கன் என்றார்கள். டோக்கன் கேட்டவர்களின் தாள்களை 2022-ல் லண்டனில் எரிக்கத் தொடங்கினார், அவரே கையால் எடுத்துத் தீயில் போட்டார். அப்பா பிரஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, “வரைஞ்சவனேவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

அவர் படங்களும் நிற்பதில்லை. உப்புக்காற்றில் எனாமல் இரண்டு வருஷம் தாங்கினாலே அதிகம். அந்த வள்ளத்தின் ஆவுளியாவை இதுவரை இரண்டு முறை திரும்ப வரைந்துவிட்டார். கடைசி முறை கன்றை துடுப்புக்குக் கீழேயிருந்து எடுத்துத் தாயின் முதுகோரம் ஏற்றிவிட்டார். கன்று வளர்ந்திருக்கும் இல்லையா என்றார். சங்கிலியில் இருப்பது 2019 ஆவுளியா, அது கரையில் இப்போது இல்லை. ஒரே படைப்பு இப்படிப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தால் அதை எப்படிப் பதிவது என்று உங்கள் பொறியாளர்கள் யோசிக்க வேண்டும். எங்கள் கரையில் முக்கால்வாசிக் கலை அப்படிப்பட்டதுதான், படகு, கோலம், தேர்ச் சீலை, கோயில் சுவர் எல்லாமே.

யோசிப்பதற்கு முன்னால் ஒருமுறை நேரில் வாருங்கள். அடுத்த ஏப்ரல் 15-க்குப் பிறகு விசைப்படகுகள் எல்லாம் ஓய்ந்து நிற்கும், அப்பா விடிந்ததிலிருந்து கரையில்தான் இருப்பார். பாலம் தாண்டி பாம்பனில் இறங்கி, கரையில் யாரிடம் வேண்டுமானாலும் மூன்று புள்ளிக்காரர் எங்கே என்று கேளுங்கள். கூட்டிக்கொண்டுவந்து விடுவார்கள்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து
மூன்று புள்ளிக்காரரின் மகள்